ஷிஃப்ட் வேலை, வீட்டில் நாய் தனியாக: தானாகச் சாப்பாடு போடும் பெட்டி செய்ய யோசனை வேண்டும்

ஓசூர் ஷிஃப்ட்
திங்கள், இரவு 11.20

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறாள். 4 வயது, 18 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. இத்தனை நாளும் அவளுக்குச் சோறு போட்டது அம்மாதான். தங்கச்சிக்குப் பிரசவ நேரம் என்பதால் அம்மா சேலம் போயிருக்கிறார். திரும்பி வர 3 மாதமாவது ஆகும்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். ஒரு வாரம் காலை 6 முதல் 2, அடுத்த வாரம் 2 முதல் 10, அதற்கடுத்த வாரம் இரவு 10 முதல் 6. அடுத்த ஆள் வராவிட்டால் அப்படியே இரண்டாவது ஷிஃப்டும் பார்க்க வேண்டி வரும். போன வாரம் அப்படித்தான் ஆனது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது 19 மணி நேரம் ஆகியிருந்தது. கருப்பி குரைக்கவில்லை, காலியான தட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலை 7.30, மாலை 7.30 இரண்டு வேளையும் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டில் சாப்பாடு விழ வேண்டும். கடையில் விற்கும் பெட்டிகளைப் பார்த்தேன், விலை கைக்கு எட்டவில்லை. சால்டரிங் கொஞ்சம் தெரியும். ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) வைத்து எல்இடி எரிய வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை
திங்கள், இரவு 11.52

தம்பி, இதற்கு மோட்டாரே வேண்டாம். 4 அங்குல பிவிசி பைப் 3 அடி, கீழே ஒரு எல்போ, மேலே ஒரு மூடி. சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்திவிடுங்கள். உலர் தீவனத்தை மேலே கொட்டினால் கீழே தின்னத் தின்ன இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தோட்டத்தில் கோழிகளுக்கு இதுதான், காவலுக்கு இருக்கும் 2 நாய்களுக்கும் இதுதான். 4 வருடமாக ஓடுகிறது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

மாடிவீட்டு லாப்
செவ்வாய், காலை 6.40

வைகைக்கரை அண்ணா, உங்கள் நாய்கள் அளவோடு நிறுத்திக்கொள்கின்றன, அதனால் சரிப்படுகிறது. எங்கள் லாப்ரடாருக்கு நானும் இதே பைப் வைத்தேன். 2 நாள் தீவனத்தை ஒரே மூச்சில் தின்று, வயிறு கல் மாதிரி ஆகி, ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்கும் உணர்வைக் குறைக்கும் மரபணுக் குறைபாடு இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததைப் பிறகுதான் படித்தேன். பேராசை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தது தப்பு என்று அப்போது புரிந்தது.

ஈரோடு கால்நடை
செவ்வாய், மதியம் 1.15

கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பெட்டி எப்படிச் செய்வது என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். அதில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வோம். பலரும் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள்.

கைபேசிக் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள்: 18 × 18 × 18 = 5832. இதற்கு வர்க்கமூலம் இரண்டு முறை எடுத்தால் 8.74 வரும். அதை 70ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 612 கலோரி. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு ஒரு நாள் தேவை இது. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும், 980 கலோரி சுமார். உங்கள் தீவனப் பையின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். 350 என்று போட்டிருந்தால் கருப்பிக்கு நாளைக்கு 280 கிராம், வேளைக்கு 140. இது தொடக்கக் கணக்குதான். 2 வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

இதுவரை அம்மா சோறும் கோழியும் போட்டிருந்தால் உடனே முழுக்க உலர் தீவனத்துக்கு மாறாதீர்கள். 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். இந்தப் பெட்டியில் தயிர்ச்சோறோ கறிச்சோறோ வைக்க முடியாது. நம் ஊர் வெயிலில் 2 மணி நேரத்தில் கெட்டுவிடும்.

இன்சுலின் போடும் சர்க்கரை நோய் நாய்க்கு இந்தப் பெட்டி ஆகாது. சாப்பிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி போட வேண்டும். குட்டிகளுக்கு 3, 4 வேளை வேண்டும், கூட ஆளும் வேண்டும்.

சாப்பாட்டைவிடத் தண்ணீர் முக்கியம். கிலோவுக்கு 50, 60 மி.லி. கணக்கில் கருப்பி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிப்பாள், உலர் தீவனத்துக்கு மாறினால் இன்னும் கூடும். கவிழ்க்க முடியாத கனமான பாத்திரம் இரண்டு, இரண்டு இடத்தில் வையுங்கள்.

மின்கம்பி
செவ்வாய், இரவு 9.05

30 வருடம் மோட்டார் கட்டும் வேலை பார்த்தவன். பேரனுக்காக ஆர்டுயினோ படித்துக்கொண்டேன். நான் கட்டிய மூன்றாவது பெட்டிதான் ஒழுங்காக ஓடுகிறது. முதல் இரண்டும் ஏன் கெட்டன என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பணம் மிச்சமாகும்.

முதலாவதில் பைப்புக்கு அடியில் ஒரு தகட்டை வைத்து, சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார்) அதைத் தள்ளித் திறந்து மூடும்படி செய்தேன். இணையத்தில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். நீல நிற எஸ்ஜி90 சர்வோ 9 கிராம் எடை உள்ள பொம்மை. தீவனத்தின் பாரத்தில் அதன் பிளாஸ்டிக் பல் உடைந்தது. பல் உலோகமான எம்ஜி996ஆர் வாங்கிப் போட்டேன். பிறகும் தொல்லை தீரவில்லை. தகடு மூடும்போது ஒரே ஒரு உருண்டை இடுக்கில் மாட்டினால் போதும், கதவு பாதி திறந்தபடியே நின்றுவிடும். மேலே இருக்கிற மொத்தத் தீவனமும் கொட்டிவிடும். அடைத்துக்கொண்டால் திறந்தபடி நிற்கிற எந்த அமைப்பும் இந்த வேலைக்கு ஆகாது.

இரண்டாவது, பைப்புக்குள் திருகு. மாவு மில்லில் தானியம் தள்ளுமே, அந்த மாதிரி. அளவு நன்றாக வந்தது. ஆனால் உருண்டை திருகுக்கும் பைப் சுவருக்கும் நடுவே சிக்கி அரைபட்டுத் தூளானது. தூள் ஈரத்தில் இறுகியது.

மூன்றாவதுக்கு, ஓட்டல்களில் கார்ன்ஃபிளேக்ஸ் போட வைத்திருப்பார்களே, குமிழைத் திருகினால் கிண்ணத்தில் விழும் ஒரு கண்ணாடிக் குடுவை, அதை வாங்கினேன். உள்ளே ரப்பர் இதழ்கள் உள்ள சக்கரம் இருக்கும். உருண்டை மாட்டினால் ரப்பர் வளைந்துகொடுக்கும். சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் வழி மூடியே இருக்கும். குமிழைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டோடு 12 வோல்ட், 10 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 10 சுற்று) கியர் மோட்டாரை இணைத்தேன். எல்298என் டிரைவர் (மோட்டாரை இரண்டு பக்கமும் சுற்றவைக்கும் பலகை) வழியாக ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் அரை நொடி பின்பக்கம் சுற்றிவிட்டுத்தான் முன்பக்கம் சுற்றும். அடைப்பு இருந்தால் அதிலேயே விடுபடும்.

இன்னொரு விஷயம். குடுவையில் தீவனம் இருந்தும் கீழே விழாமல் போகலாம். உருண்டைகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து, கல்லால் கட்டிய வளைவு மாதிரி நின்றுவிடும். சக்கரத்தின் தண்டில் ஒரு சைக்கிள் ஆரக்கம்பித் துண்டை மேல்நோக்கிக் கட்டிவிடுங்கள். சுற்றும்போது அது கிளறிவிடும்.

குடுவையில் 2 நாள் தீவனத்துக்கு மேல் போடாதீர்கள். எல்லாம் கெட்டுப்போய் மோட்டார் நிற்காமல் ஓடினாலும், விழுவது அந்த 2 நாள் தீவனம்தான்.

பழைய கடிகாரம்
புதன், காலை 5.30

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் 1980களில் பள்ளிக்கூட வேலைக்குப் போகும்போது எங்கள் டாமிக்கு மதியச் சாப்பாடு இப்படித்தான் கொடுத்தேன், கரண்டே இல்லாமல்.

சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரத்தில் அலாரத்துக்குத் தனிச் சாவி பின்பக்கம் இருக்கும். அலாரம் அடிக்கும்போது அந்தச் சாவி தானாகத் திரும்பச் சுற்றும். அதில் ஒரு நூலைக் கட்டினால் சுற்றிச் சுற்றி நூலை இழுக்கும். நூலின் மறுமுனை ஒரு சின்ன ஆணி. அந்த ஆணி உருவினால் மரப்பெட்டியின் மூடி ஸ்பிரிங்கால் திறந்துகொள்ளும். மூடிக்கு வெளிப்பக்கம் ஒரு செங்கல் துண்டு கட்டியிருந்தேன், மறுபடி மூடாமல் இருக்க. அலாரச் சத்தமே டாமிக்குச் சாப்பாட்டு மணி.

ஒரு வேளைக்குத்தான் ஆகும். மோட்டார் பெட்டி தயாராகும் வரை கைக்கு உதவும் என்று சொல்கிறேன்.

ஓசூர் ஷிஃப்ட்
புதன், இரவு 10.45

ஐயா, இப்படி ஒரு வழி உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவின் அலாரம் கடிகாரம் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன்.

மின்கம்பி அண்ணா, குடுவை ஆர்டர் போட்டுவிட்டேன். டாக்டர், கலோரிக் கணக்கைத் தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். மிக்க நன்றி.

வைகைக்கரை
வியாழன், காலை 7.10

லாப்ரடார் விஷயம் எனக்குப் புதுசு. நான் சொன்ன பைப் எல்லா நாய்க்கும் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஈரோடு கால்நடை
வியாழன், மதியம் 2.00

பைப் வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய சாம்பல் நிறத் தோட்டத்து பைப், கழிவுநீர் பைப் வேண்டாம். பிவிசியைக் கெட்டிப்படுத்த ஈயக் கலவை சேர்ப்பது பல காலமாக இருந்த வழக்கம். அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல்தான் தனி விதி கொண்டுவந்தது. தீவனத்தின் மேல் கொழுப்புப் பூச்சு இருக்கும், நாய் பைப்பின் விளிம்பைக் கடிக்கவும் செய்யும். அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று அச்சிட்ட பிளாஸ்டிக் டப்பா, இல்லாவிட்டால் எவர்சில்வர் நல்லது. தட்டு கட்டாயம் எவர்சில்வர்.

ஓசூர் ஷிஃப்ட்
அடுத்த வாரம், ஞாயிறு, மாலை 6.30

முதல் பெட்டி ஓடுகிறது! கருப்பிக்கு மோட்டார் சத்தம் முதலில் பிடிக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். 2 நாள் குடுவையில் தீவனம் போடாமல் வெறும் மோட்டாரை ஓடவிட்டு, சத்தம் வரும்போதெல்லாம் என் கையால் ஒரு துண்டு கொடுத்தேன். மூன்றாம் நாள் சத்தம் கேட்டதும் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 140 கிராம் சுமாராக விழுகிறது, 6 நொடி. சமையலறைத் தராசில் 20 முறை நிறுத்துப் பார்த்தேன். குறைந்தது 128, அதிகம் 151. இது போதுமா டாக்டர்?

ஈரோடு கால்நடை
ஞாயிறு, இரவு 8.20

தாராளமாகப் போதும். கரண்டியால் அளந்து போடும்போதுகூட இவ்வளவு வித்தியாசம் வரும். சத்தத்துக்கு நீங்கள் பழக்கிய முறை மிகச் சரி. பாவ்லோவின் நாய்கள் இதைத்தான் கற்றுக்கொண்டன.

ஓசூர் ஷிஃப்ட்
புதன், மாலை 4.10

இன்று பெரிய தவறு நடந்துவிட்டது. எங்கள் பகுதியில் மின் பராமரிப்பு நாள். காலையிலிருந்து கரண்ட் போய்ப் போய் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் குடுவை காலி. காலையில் 560 கிராம் போட்டிருந்தேன். அத்தனையும் கருப்பி சாப்பிட்டிருக்கிறாள். வயிறு உப்பியிருக்கிறது, ஆனால் நடக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். டாக்டர், இருக்கிறீர்களா?

ஈரோடு கால்நடை
புதன், மாலை 4.22

இருக்கிறேன். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் திணறுகிறாளா? வாயில் நுரை, எச்சில் ஒழுகுகிறதா? நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்காருகிறாளா? இதில் ஒன்று இருந்தாலும் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வயிறு முறுக்கிக்கொண்டால் அறுவைச் சிகிச்சைக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி ஆழமான மார்புள்ள பெரிய இனங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆனால் எந்த நாய்க்கும் வரலாம்.

எதுவும் இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஓட விடாதீர்கள். ஊரில் 24 மணி நேர மருத்துவமனையின் எண்ணை இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் ஷிஃப்ட்
புதன், இரவு 11.30

நீங்கள் சொன்ன அறிகுறி எதுவும் இல்லை. தூங்குகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ரொம்ப நன்றி டாக்டர்.

மின்கம்பி
வியாழன், காலை 6.00

கருப்பி நலம் என்று படித்த பிறகுதான் நிம்மதி. குடுவையில் 2 நாள் தீவனம் மட்டும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

தம்பி, உங்கள் நிரலில் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மில்லிஸ் (தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆனது என்ற எண்) கணக்கு வைத்து, தொடங்கியதும் முதல் வேளை போடும்படி எழுதியிருப்பீர்கள். ஆர்டுயினோவுக்கு மணி தெரியாது. கரண்ட் வந்ததும் இப்போதுதான் பிறந்த மாதிரி முதலிலிருந்து தொடங்கும், ஒரு வேளை போடும். 4 முறை கரண்ட் வந்தது, 4 வேளை விழுந்தது. கரண்டே போகாவிட்டாலும் அந்த எண் 49 நாள் சொச்சத்தில் சுழன்று மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி வாங்குங்கள். பழைய டிஎஸ்1307 வேண்டாம், வெயிலில் நேரம் ஓடிவிடும். 3231 வருடத்துக்கு ஒரு நிமிடம் தள்ளினால் அதிகம். அதில் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், கரண்ட் போனாலும் நேரம் ஓடும். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் நீலப் பலகையில், பேட்டரியை சார்ஜ் செய்யும் சுற்று சேர்த்தே வருகிறது. நாம் போடும் சிஆர்2032 சார்ஜ் செய்யக்கூடாத வகை. 5 வோல்ட்டில் ஓட்டினால் அது உப்பும், வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. பலகையில் டயோடுக்குப் பக்கத்தில் இருக்கும் 200 ஓம் மின்தடையைச் சால்டரிங் அயனால் எடுத்துவிடுங்கள், சார்ஜ் ஆவது நின்றுவிடும்.

அப்புறம், எந்த வேளை போட்டாயிற்று என்பதை ஆர்டுயினோவின் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதி வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் வந்ததும் நிரல் செய்ய வேண்டிய முதல் வேலை அதைப் படிப்பது. இன்று காலை வேளை போட்டாயிற்று என்று இருந்தால் சும்மா இருக்க வேண்டும். போடவில்லை, ஆனால் 7.30 தாண்டி 2 மணி நேரத்துக்குள் என்றால் போடலாம். அதற்கும் மேலே போய்விட்டால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும்.

எழுதுவது மோட்டார் ஓடுவதற்கு முன்பா, பின்பா என்று நான் நிறைய யோசித்தேன். பின்பு எழுதினால், மோட்டார் ஓடும் 6 நொடிக்குள் கரண்ட் போய் வந்தால் இரட்டை வேளை விழும். முன்பு எழுதினால் அரை வேளையோடு போகும். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு ஒரு வேளை குறைவது ஒன்றுமில்லை. அதனால் முன்பே எழுதுங்கள்.

வைஃபை ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று வாங்கி நடுவில் போடுங்கள். கரண்ட் போனது பெட்டிக்கே தெரியாது. மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் குறைந்து ஆர்டுயினோ அணைந்து எழாமல் இருக்க, அதற்கு 5 வோல்ட்டைத் தனியாக ஒரு பக் கன்வெர்ட்டரிலிருந்து (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பலகை) கொடுங்கள். அடாப்டரைச் சுவரில் உயரத்தில் மாட்டி, கீழே வரும் ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள். நாய் ஒயரைக் கடிக்கும், அதை மறக்கவே கூடாது.

கடலோரம்
வியாழன், இரவு 9.40

நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். இங்கே மோட்டாரைவிட எறும்பும் ஈரக்காற்றும்தான் பெரிய தொல்லை.

எறும்புக்குப் பாட்டி காலத்து வழிதான். சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே மாதிரி பெட்டியை நாலு கால் உள்ள ஸ்டாண்டில் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறேன். கொசு வராமல் 2 நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். எறும்புச் சாக்பீஸ் மட்டும் போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. நாய் தரையை நக்கும்.

மழைக்காலத்தில் தீவனம் நமுத்துப்போகும். பெரிய பையை அப்படியே குடுவையில் கொட்டாமல், வாங்கி வந்த பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, தினம் வேண்டியதை மட்டும் எடுத்துப் போடுகிறேன். பழைய தீவனத்தின் மேலேயே புதியதைக் கொட்டிக்கொண்டே போனால் அடியில் இருப்பது மாதக்கணக்கில் கிடக்கும். வாரம் ஒரு நாள் குடுவையைக் காலி செய்து, கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்துப் போடுங்கள்.

ஈரோடு கால்நடை
வியாழன், இரவு 10.15

கடலோரம் சொன்னது முழுக்கச் சரி. மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது நேராகக் கல்லீரலைத் தாக்கும். 2020 இறுதியில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட உலர் தீவனத்தைத் தின்று இறந்ததாகப் பதிவான நாய்கள் 100க்கும் மேல். அது ஆலையிலேயே நேர்ந்தது. வீட்டில் ஈரம் பட்டுப் பூத்த தீவனமும் ஆபத்துதான். வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நிரல்மகள்
வெள்ளி, காலை 8.30

ஒரு யோசனை. தட்டுக்கு அடியில் 5 கிலோ லோடு செல் (எடையை உணரும் கருவி) ஒன்றும் அதன் அளவைப் படித்துத் தரும் எச்எக்ஸ்711 பலகையும் வையுங்கள். மோட்டார் ஓடினால் சாப்பாடு விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குடுவை காலியாக இருக்கலாம், முட்டுக்கொடுத்து நிற்கலாம். எடை கூடியிருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆர்டுயினோவுக்குப் பதில் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை போட்டால் அதன் வழியாக டெலிகிராமில் உங்களுக்குச் செய்தி அனுப்பலாம். நாய் தட்டில் மூக்கை வைத்து அழுத்தும்போது எண் எகிறும். அதனால் 30 நொடி அளவுகளை எடுத்து அதன் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்பி32க்குத் தனி ஈப்ராம் கிடையாது, ஃபிளாஷின் ஒரு பகுதியில் எழுதும். நீங்கள் எழுதப்போவது நாளைக்கு 2 முறைதான் என்பதால் கவலையில்லை.

ஆனால் சாப்பாடு போடும் முடிவு மட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இணையம் செய்தி சொல்ல மட்டும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சர்வர் ஒரு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டது. அவர்கள் விற்ற பெட்டிகளை நம்பி வெளியூர் போனவர்கள் தவித்துப்போனார்கள்.

தெருவிளக்கு
வெள்ளி, மாலை 5.00

இதே பெட்டியை எங்கள் தெருநாய்களுக்கு வைக்கலாமா?

ஈரோடு கால்நடை
வெள்ளி, இரவு 9.10

நல்ல எண்ணம், ஆனால் ஆள் இல்லாமல் வைக்க வேண்டாம். ஒரே இடத்தில் விழும் சாப்பாட்டுக்கு நாய்கள் சண்டை போடும், எலி வரும். 2023 விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி உணவளிக்கும் இடத்தையும் நேரத்தையும் குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சியோ ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களோடு பேசிவிட்டு நீங்களே நின்று போடுங்கள். கூடவே எந்த நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகவில்லை என்று குறித்துவைத்தால் பெரிய உதவி.

ஓசூர் ஷிஃப்ட்
இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 9.30

கடிகாரம், யுபிஎஸ், லோடு செல் எல்லாம் போட்டாயிற்று. நடுவில் 3 முறை கரண்ட் போனது, கூடுதலாக ஒரு கிராம்கூட விழவில்லை.

ஆனால் எடை பார்த்ததால் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. இந்த வாரம் காலை ஷிஃப்ட். 5.15க்குக் கிளம்பிவிடுவேன். 7.30க்கு 138 கிராம் விழுந்தது என்று செய்தி வந்தது. 9 மணிக்கும் 138. 12 மணிக்கும் 138. நான் 2.45க்கு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, அவள் தலையைத் தடவிய பிறகுதான் எடை குறையத் தொடங்கியது. 5 நாளும் இதே கதை. வந்து பார்க்கும்போது அவள் சாப்பிடுவதை மட்டும் பார்த்திருந்தால், காலையில் சாப்பிட்டுவிட்டு மறுபடி மிச்சத்தைச் சாப்பிடுகிறாள் என்றே நினைத்திருப்பேன்.

பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது. அவள்தான் ஆளுக்காகக் காத்திருக்கிறாள். அம்மா எப்போதும் படியில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்.

மாடிவீட்டு லாப்
சனி, இரவு 10.00

படித்ததும் கண் கலங்கிவிட்டது. எம்பி3 பிளேயர் தொகுதி ஒன்று இருக்கிறது, சின்ன ஸ்பீக்கர் மாட்டலாம். மோட்டார் ஓடும்போது அம்மா குரலைப் பேச வைத்தால் என்ன?

ஈரோடு கால்நடை
ஞாயிறு, காலை 7.45

பிடித்த சாப்பாட்டைக்கூடத் தனியாக இருக்கும்போது தொடாமல் இருப்பது பிரிவுத் துயரத்தின் அறிகுறி. கதவைப் பிறாண்டுகிறாளா, ஊளையிடுகிறாளா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். இல்லையென்றால் லேசானதுதான், பழக்கிவிடலாம். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் பெட்டி சாப்பாடு போட்டதும் அடுத்த அறைக்குப் போங்கள், 2 நிமிடம். அப்புறம் 5 நிமிடம். அப்புறம் வெளிவாசல் வரை. அவள் சாப்பிடும்போது நீங்கள் இல்லாத நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

குரலை முதலில் நீங்கள் கூட இருக்கும்போது போட்டுப் பாருங்கள். சில நாய்களுக்கு ஆறுதல், சில நாய்களுக்குத் தேடல்.

ஓசூர் ஷிஃப்ட்
வியாழன், இரவு 11.40

அம்மாவிடம் கேட்டு, "கருப்பி, வாடி, சாப்பிடு" என்று பதிவு செய்து வாங்கினேன். விடுப்பு நாளில் போட்டேன். கேட்டதும் சாப்பாட்டைப் பார்க்கவே இல்லை. சமையலறை, பின்வாசல், படிக்கட்டு, கேட் வரை ஓடித் தேடினாள். கேட்டுக்குக் கீழே மூக்கை நுழைத்து நின்றுகொண்டே இருந்தாள். அன்றே அந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன்.

கீழ்வீட்டு அத்தையிடம் பேசினேன். பிறாண்டுவது, ஊளை எதுவும் இல்லை என்றார். காலையில் கோலம் போட வெளியே வருவார். 7.30க்கு மாடிக்கு வந்து 10 நிமிடம் உட்காருகிறேன் என்று அவரே சொன்னார். மாலை ஷிஃப்ட் வாரத்திலும் வருவாராம். இப்போது பெட்டியின் செய்தி அவர் கைபேசிக்கும் போகிறது.

பழைய கடிகாரம்
வெள்ளி, காலை 5.20

நல்ல காரியம் செய்தீர்கள். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓசூர் ஷிஃப்ட்
மூன்று வாரம் கழித்து, திங்கள், மாலை 5.15

முதல் வாரம் அத்தை 10 நிமிடம் உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் சாப்பாடு விழுந்ததும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். போன வெள்ளிக்கிழமை அவர் வரவே இல்லை, உறவுக்காரர் வீட்டில் விசேஷம். 7.30க்கு 141 கிராம். 7.34க்கு 90. 7.41க்குப் பூஜ்யம். தொழிற்சாலைக் கழிவறையில் நின்று அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று எடை பார்த்தேன், 17.9 கிலோ. விலா எலும்பு டாக்டர் சொன்ன மாதிரி கைக்குத் தட்டுப்படுகிறது.

நிரல்மகள்
திங்கள், இரவு 8.00

எவ்வளவு சந்தோஷம்! இன்னொருவர் செய்ய நினைத்தால் உதவும், மோட்டார் தண்டையும் குடுவைத் தண்டையும் எப்படி இணைத்தீர்கள் என்று மட்டும் எழுதிவிடுங்கள். எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓசூர் ஷிஃப்ட்
திங்கள், இரவு 10.50

என் மோட்டார் தண்டு 6 மி.மீ., குடுவையின் பிளாஸ்டிக் தண்டு சதுரம். அந்தச் சதுரத் தண்டை வெளியே எடுத்து, நடுவில் 6 மி.மீ. துளை போட்டு, மோட்டார் தண்டை உள்ளே விட்டு, குறுக்கே ஒரு 3 மி.மீ. போல்ட் போட்டு இறுக்கினேன். பசை மட்டும் போட்டபோது 4 நாளில் விட்டுவிட்டது. துளை நடுவில் இல்லாவிட்டால் சக்கரம் ஆடும், ஒரு பக்கம் உரசும். லேத் பட்டறையில் கொடுத்தால் 10 நிமிட வேலை. மோட்டாரைப் பலகையில் இறுக்கமாகத் திருகாமல் அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்துத் திருகினேன், சத்தம் பாதியாகக் குறைந்தது.

குடுவையைக் கழுவ வாரம் ஒரு முறை கழற்ற வேண்டும் என்பதால் அந்த போல்டுக்கு இறக்கை நட் போட்டிருக்கிறேன், ஸ்பேனர் வேண்டாம். இன்றிரவு அத்தை பெண்ணுக்கும் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுத்தேன். நாளை முதல் இரவு ஷிஃப்ட்.